ரெண்டு சீட்டும் ஒரே மேசைக்கு வரட்டும்

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். எனக்கு வயது 48. குலசேகரத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊர். அண்டியாபீசில் முந்திரிப் பருப்பின் தோல் உரிக்கும் வேலை. கணவர் 2009இல் இறந்த பிறகுதான் எனக்கும் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. 2010 முதல் ஏ.ஆர்.டி. மாத்திரை சாப்பிடுகிறேன், ஒரு நாள்கூட விட்டதில்லை. ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று காட்டும் வைரல் லோடு பார்க்கும்போதெல்லாம் ‘கண்டறிய முடியாத அளவு’ என்றே வருகிறது. இரண்டு வருடமாக பிரஷர் இருக்கிறது. அதற்கு மார்த்தாண்டத்தில் ஒரு டாக்டரிடம் மாத்திரை எழுதி வாங்குகிறேன். அவரிடம் எச்.ஐ.வி. பற்றிச் சொல்லவில்லை. எங்களோடு மாத்திரை வாங்க வரும் ஓர் அண்ணன் போன மாதம் மாரடைப்பில் இறந்துவிட்டார். 49 வயதுதான். இந்த மாத்திரையைப் பல வருடம் தின்றால் நெஞ்சை அடைக்கும் என்று அங்கே பேசிக்கொள்கிறார்கள். எனக்கும் ஒரு மாதமாக ஆற்றுக் கடவில் துணி அலசிவிட்டு மேலே ஏறினால் மூச்சு வாங்குகிறது. மாத்திரையைக் கொஞ்ச நாள் நிறுத்திப் பார்க்கலாமா? தேங்காய் எண்ணெயை அடியோடு விட வேண்டுமா? என் பெயர் போட வேண்டாம்.

பதில்: அன்புள்ள சகோதரி, மாத்திரையையும் எண்ணெயையும் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு முதலில் கண்ணில் பட்டது அந்தக் கடவுதான். பல வருடமாக ஏறி இறங்கும் படி, ஒரு மாதமாகத்தான் மூச்சு வாங்குகிறது என்றால் அதை வயசு, அசதி என்று தள்ளிப் போட வேண்டாம். இந்த வாரமே தக்கலையோ குழித்துறையோ, எது வசதியோ அந்த அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு ஈ.சி.ஜி. எடுத்துவிடுங்கள். இதயம்தான் காரணம் என்று இங்கே இருந்துகொண்டு என்னால் சொல்ல முடியாது. ரத்தச் சோகையாக இருக்கலாம், தைராய்டாக இருக்கலாம், நெஞ்சில் சளியாகவோ காச நோயாகவோ இருக்கலாம். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குக் காச நோயை எப்போதும் மனதில் வைத்துத்தான் பார்ப்போம். ஈ.சி.ஜி., ரத்தத்தில் ஹீமோகுளோபின், நெஞ்சு எக்ஸ்ரே மூன்றையும் பார்த்தால் பாதி தெரிந்துவிடும். தேவைப்பட்டால் எக்கோ என்ற இதய ஸ்கேனுக்கு எழுதுவார்கள்.

அதற்கு முன்பே நெஞ்சில் பாரம் வைத்தது போல அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ இழுக்கும் வலி, குளிர்ந்த வேர்வை, குமட்டல் எது வந்தாலும் உடனே 108. பெண்களுக்குச் சில நேரம் வலியே பெரிதாக இருக்காது. மூச்சு முட்டல், காரணமில்லாத களைப்பு, மேல் வயிற்றில் ஒரு சங்கடம், அவ்வளவுதான். நம் ஊரில் அதை வாயு என்று சொல்லி ஓமத் தண்ணீரும் சோடாவும் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்கிறார்கள். அப்படிப் போகும் ஒரு மணி நேரம் திரும்பக் கிடைக்காது. தமிழ்நாட்டில் 2023இல் ‘இதயம் காப்போம்’ திட்டம் வந்த பிறகு, மாரடைப்புச் சந்தேகம் என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அடோர்வாஸ்டாட்டின் மூன்றையும் முதல் வேளையாகக் கொடுத்துவிட்டுத்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். அதனால் ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி தூரம் என்று தயங்க வேண்டாம். பக்கத்தில் இருப்பதற்குப் போனாலும் சிகிச்சை அங்கேயே தொடங்கிவிடும்.

சரி, மாத்திரைக்கு வருவோம். நிறுத்தக் கூடாது. ஒரு வாரம்கூடக் கூடாது.

‘கொஞ்ச நாள் நிறுத்திப் பார்க்கலாமா’ என்ற அதே எண்ணம் ஒரு காலத்தில் ஆராய்ச்சியாளர்களுக்கும் இருந்தது. சி.டி.4 என்ற எதிர்ப்புச் சக்தி அணுக்களின் எண்ணிக்கை நன்றாக இருக்கும்போது மருந்தை நிறுத்தி, குறைந்தால் மறுபடி தொடங்கினால் பக்கவிளைவுகள் குறையுமே என்று நினைத்தார்கள். ஸ்மார்ட் என்ற பெயரில் 5,472 பேரை வைத்து அந்த ஆய்வு நடந்தது. முடிவு 2006இல் வெளியானது. நிறுத்தி நிறுத்திச் சாப்பிட்டவர்களிடம் சாவு அதிகம், இதயம், சிறுநீரகம், கல்லீரல் தொல்லைகளும் அதிகம். இதயத்தைக் காப்பாற்ற மருந்தை நிறுத்தினால் இதயமே முதலில் அடி வாங்கும் என்று அன்றைக்குத்தான் எல்லாருக்கும் உறைத்தது. ஆய்வை இடையிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று.

ஏன் அப்படி? உமியில் பிடித்த தீயைப் பார்த்திருப்பீர்கள். மேலே சாம்பல்தான் தெரியும், கொழுந்து கிடையாது. உள்ளே கனிந்துகொண்டே இருக்கும். எச்.ஐ.வி. உடம்பில் செய்வது அதுதான். மாத்திரையால் ரத்தத்தில் வைரஸ் எண்ணிப் பார்க்க முடியாத அளவுக்குக் குறைந்தாலும், அது உடம்பின் மறைவிடங்களில் ஒளிந்திருக்கிறது. நோய் எதிர்ப்புச் சக்தி ஓய்வெடுக்காமல் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டே இருக்கிறது. அந்தச் சூட்டை நாங்கள் அழற்சி என்கிறோம். ரத்தக் குழாயின் உள்சுவர் வருடக்கணக்கில் அந்தச் சூட்டில் இருந்தால் அங்கே கொழுப்பு ஒட்டுவது எளிது, ஒட்டிய கொழுப்பு வெடித்து ரத்தம் கட்டுவதும் எளிது. அதனால்தான் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு மடங்கு. மருந்தை நிறுத்துவது, கனிகிற உமியில் ஊதுகுழலை வைத்து ஊதுவது போல.

அங்கே பேசிக்கொள்கிறவர்கள் முழுக்கப் பொய் சொல்லவும் இல்லை. பழைய மாத்திரைகள் சிலவற்றில் அந்தக் கோளாறு இருந்தது. நீங்கள் 2010இல் தொடங்கியவர். அந்தக் காலத்தில் பலருக்கு ஸ்டாவுடின் சேர்ந்த மாத்திரை கொடுத்தோம். அதைச் சாப்பிட்டவர்களின் கன்னம் ஒட்டிப்போகும், கைகால் மெலிந்து நரம்பு தெரியும், வயிறு மட்டும் முன்னால் வரும். ரத்தத்தில் கொழுப்பும் கூடும். கன்னத்தைப் பார்த்தே ஊரில் கண்டுபிடித்துவிடுகிறார்கள் என்று என் முன்னால் உட்கார்ந்து அழுத பெண்கள் உண்டு. அந்த மருந்தைப் படிப்படியாக நிறுத்தும்படி உலக சுகாதார நிறுவனம் 2009இலேயே சொன்னது, இங்கேயும் பிறகு போய்விட்டது. முதலில் கொடுத்த மருந்து பலிக்காதபோது கொடுக்கும் இரண்டாம் கட்ட மருந்துகளில் வரும் லோபினாவிர், ரிடோனாவிர் கொழுப்பைக் கூட்டும். அபாகாவிருக்கும் மாரடைப்புக்கும் தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. இப்போது பெரும்பாலோருக்குக் கொடுப்பது டெனோஃபோவிர், லாமிவுடின், டொலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை. இது கொழுப்பைப் பெரிதாகத் தொடாது. சிலருக்கு எடை கூடும், அதைக் கவனிக்க வேண்டும். உங்கள் டப்பாவில் இருப்பது இதுதானா என்று அடுத்த முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த அண்ணனைப் பற்றி: அவரை நான் பார்த்ததில்லை, அவருக்கு என்ன நடந்தது என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் 15 வருடம் மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டுவிட்டு 50 வயதுக்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போகிறவர்களை நான் பார்க்கிறேன், அது என்னை வருத்துகிறது. 2004 ஏப்ரலில் அரசு இலவச ஏ.ஆர்.டி.யைத் தொடங்கியபோது தமிழ்நாட்டில் அதற்குத் தாம்பரம்தான் போக வேண்டும். நம் மாவட்டத்தில் இருந்து ஏறக்குறைய 700 கிலோமீட்டர். நடக்கவே முடியாதவர்களை அந்தத் தூரம் கொண்டு போய்ப் பிழைக்க வைத்தோம். அப்படிப் பிழைத்தவர்களை இன்றைக்கு ஒரு பிரஷரும் ஒரு பீடிக் கட்டும் கொண்டு போவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

உங்கள் கடிதத்தில் என்னை ரொம்பவே கவலைப்பட வைத்த வரி, மார்த்தாண்டத்து டாக்டரிடம் சொல்லவில்லை என்பது. ஏன் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். அதற்காக உங்களைக் கடிந்துகொள்ள மாட்டேன். சொன்ன பிறகு முகம் மாறிய டாக்டர்களும், ‘வேற இடத்துல பாத்துக்கோங்க’ என்று சீட்டைத் தள்ளிய ஆஸ்பத்திரிகளும் உண்டு. அது எங்கள் தொழிலின் குற்றம். ஆனால் சொல்லாமல் விடுவதால் என்ன ஆகும் என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

சில வருடம் முன்பு ஓர் அம்மா என்னிடம் வந்தார். ரப்பர் பால் வெட்டுகிறவர். மரத்தடியில் குனிந்தால் நிமிர முடியவில்லை, தொடை இரண்டும் அடித்துப் போட்டது போல வலி, சிறுநீர் கட்டன் சாயா நிறத்தில் போகிறது என்றார். கையில் ஒரு துணிப்பை. அதில் ஏ.ஆர்.டி. டப்பா மட்டும் இருந்தது. வேறு மாத்திரை உண்டா என்று கேட்டேன், இல்லை என்றார். மறுபடி கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, சேலை முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஒரு மாத்திரை அட்டையை அவிழ்த்து மேசையில் வைத்தார். சிம்வாஸ்டாட்டின். கொழுப்புக்கு வேறொரு டாக்டர் எழுதியது. அவருக்கு இந்த அம்மா ரிடோனாவிர் சேர்ந்த மருந்து சாப்பிடுவது தெரியாது, தெரிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டார். ரிடோனாவிர் இருக்கும்போது சிம்வாஸ்டாட்டின் ரத்தத்தில் பல மடங்கு ஏறித் தசையைக் கரைத்துவிடும். சிறுநீரகம் கெட்டுப்போகும் முன் பிடித்துவிட்டோம். டப்பாவும் அட்டையும் ஒரே மேசையில் சேர்ந்து கிடந்ததால்தான் தெரிந்தது.

இப்படி மோதுகிற மருந்துகள் இன்னும் உண்டு. டொலுடெக்ராவிர் சாப்பிடும்போது சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் உடம்பில் கூடிவிடும், ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராமுக்கு மேல் போகாமல் பார்ப்போம். நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் ஜெலுசில் மாதிரி மருந்தை டொலுடெக்ராவிரோடு சேர்த்துக் குடித்தால் டொலுடெக்ராவிர் உடம்பில் ஏறாது. மாத்திரை சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். முதலில் அதைக் குடித்துவிட்டால் 6 மணி நேரம் கழித்துத்தான் மாத்திரை. கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகளை வெறும் வயிற்றில் இதோடு சேர்க்க வேண்டாம், சாப்பாட்டோடு என்றால் சேர்க்கலாம். ரிடோனாவிர் இருந்தால் பிரஷருக்கான அம்லோடிபின் அளவையும் பார்த்துக் கொடுக்க வேண்டும். இதையெல்லாம் நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டாம். டாக்டருக்குத் தெரிந்தால் போதும். ஆனால் அவருக்குத் தெரிய வேண்டும்.

இதில் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 2017இல் இயற்றிய எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ளது. எச்.ஐ.வி. இருக்கிறது என்பதற்காகச் சிகிச்சை மறுக்கக் கூடாது. உங்கள் நிலையை உங்கள் சம்மதமில்லாமல் வெளியே சொல்லக் கூடாது. இது அரசு ஆஸ்பத்திரிக்கு மட்டுமல்ல, தனியாருக்கும் பொருந்தும். சட்டம் இருந்தும் வாய் எழவில்லை என்றால் ஒரு வழி சொல்கிறேன். உங்கள் ஏ.ஆர்.டி. மையத்து டாக்டரிடமோ கவுன்சிலரிடமோ, நீங்கள் சாப்பிடும் மருந்துகளின் பெயரை மட்டும் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். மார்த்தாண்டத்தில் அந்தத் தாளை மேசையில் வைத்து, ‘இதுவும் சாப்பிடுறேன் டாக்டர்’ என்று மட்டும் சொல்லுங்கள். படித்தவுடன் அவருக்குப் புரிந்துவிடும். உங்கள் வாயால் அந்த மூன்று எழுத்தைச் சொல்ல வேண்டியதில்லை. அதுவும் முடியாது என்றால் அங்கே போவதை விட்டுவிட்டு, பிரஷரையும் ஏ.ஆர்.டி. மையம் இருக்கும் ஆஸ்பத்திரியிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். சந்தேகம் கேட்க 1097 என்ற இலவச எண்ணும் இருக்கிறது, தமிழில் பேசலாம்.

இனி, அந்த மையத்தில் நீங்களாகவே வாய் திறந்து கேட்க வேண்டிய ஒன்று. ‘எனக்கு ஸ்டாட்டின் தேவைப்படுமா?’

ஸ்டாட்டின் என்பது கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை. கொழுப்பு அதிகம் உள்ளவர்களுக்கு மட்டும் என்று முன்பு நினைத்தோம். ரிப்ரீவ் என்றொரு பெரிய ஆய்வின் முடிவு 2023இல் வந்தது. இந்தியா உட்பட 12 நாடுகளில், 40 முதல் 75 வயது வரையிலான, எச்.ஐ.வி.க்கு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும் 7,769 பேர். இவர்கள் மாரடைப்பு வரும் என்று யாரும் பெரிதாகப் பயந்த ஆட்கள் இல்லை. கொழுப்பு பலருக்குச் சாதாரணம். பாதிப்பேருக்கு பிடாவாஸ்டாட்டின், பாதிப்பேருக்கு மருந்தில்லாத மாத்திரை. பிடாவாஸ்டாட்டின் சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 35 சதவீதம் குறைந்தன. நன்மை தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வை முன்கூட்டியே முடித்தார்கள். 35 என்றதும் பெரிதாகத் தோன்றும், அதனால் உள்ளது உள்ளபடி சொல்கிறேன். ஆயிரம் பேரை ஒரு வருடம் பார்த்தால், மாத்திரை இல்லாதவர்களில் சுமார் 7 பேருக்கு வந்தது, சாப்பிட்டவர்களில் சுமார் 5 பேருக்கு. ஒரு வருடத்துக்கு இது சின்ன வித்தியாசம். உங்களுக்கு இன்னும் 30 வருடம் இருக்கிறது என்று வைத்துப் பாருங்கள். அத்தோடு உங்களுக்குப் பிரஷரும் இருக்கிறது. அதனால் நான் உங்கள் டாக்டராக இருந்தால் எழுதித் தருவேன்.

பிடாவாஸ்டாட்டின் கிடைக்காவிட்டால் அடோர்வாஸ்டாட்டினோ ரோசுவாஸ்டாட்டினோ கொடுக்கலாம். உங்கள் ஏ.ஆர்.டி. மருந்தைப் பார்த்து அளவு முடிவு செய்ய வேண்டும், கல்லீரல் ரத்தப் பரிசோதனையும் பார்க்க வேண்டும். சிலருக்குத் தசை வலி வரும், சிலருக்குச் சர்க்கரை சற்று ஏறும். ஆகவே மெடிக்கலில் நீங்களாக வாங்கிச் சாப்பிட வேண்டாம். ‘ரத்தம் கெட்டியாகாம இருக்க’ என்று தினமும் ஆஸ்பிரின் விழுங்கும் பழக்கமும் வேண்டாம். மாரடைப்பு வந்தவர்களுக்கு அது உயிர் காக்கும் மருந்து. வராதவர்கள் தானாகச் சாப்பிட்டால் வயிற்றில் ரத்தக் கசிவுதான் மிச்சம்.

பிரஷரை 140க்கு 90க்குக் கீழே எப்படியும் கொண்டுவர வேண்டும், 130க்கு 80 என்றால் இன்னும் நல்லது. நீங்கள் எண்ணைக் குறிப்பிடவில்லை. மாத்திரை சாப்பிட்டால் சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை, மாதம் ஒரு தடவையாவது அளந்து குறித்து வையுங்கள். வருடத்துக்கு ஒரு முறை சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் மூன்றும் பார்க்கச் சொல்லுங்கள். டெனோஃபோவிர், பிரஷர் இரண்டுமே சிறுநீரகத்தைத் தொடுகிறவை. மாதவிலக்கு நின்றுவிட்டதா என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், அதற்குப் பிறகு பெண்களுக்கு இருந்த இயற்கைப் பாதுகாப்பு குறைந்துவிடும்.

வெற்றிலையோடு போயிலை போடுகிறீர்களா? கடிதத்தில் இல்லை, ஆனால் அண்டியாபீசில் நாள் முழுக்க உட்கார்ந்த இடத்தில் வேலை செய்கிற நிறையப் பேருக்கு அந்தப் பழக்கம் உண்டு என்பதால் கேட்கிறேன். போட்டால் விட்டுவிடுங்கள். பீடி, சிகரெட்டு மட்டும்தான் இதயத்துக்குக் கேடு, போயிலை வாய்க்குத்தான் என்று நினைக்க வேண்டாம். உங்களோடு மாத்திரை வாங்க வரும் ஆண்களுக்கும் சொல்லுங்கள். எச்.ஐ.வி.யோடு இருக்கிறவர் இதயத்துக்காக எந்தச் செலவும் இல்லாமல் செய்யக்கூடிய மிகப் பெரிய காரியம் பீடியை விடுவதுதான்.

தேங்காய் எண்ணெய்க்கு வருகிறேன். குமரி மாவட்டத்துக்காரியிடம் தேங்காயை விடு என்று சொல்ல எனக்கு மனம் வராது, சொன்னாலும் நடக்காது. ஆனால் தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய 90 சதவீதம் நிறைகொழுப்பு, கெட்ட கொழுப்பை அது கூட்டும். அவியலுக்குக் கடைசியில் பச்சையாக ஒரு கரண்டி ஊற்றுங்கள், அதற்கு வேறு எண்ணெய் ருசிக்காது. தாளிக்க, வதக்க நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ இருக்கட்டும். எல்லா எண்ணெயும் சேர்த்து ஓர் ஆளுக்கு மாதம் அரை லிட்டர். பொரிக்கிறதுதான் எண்ணெயைத் தின்னும், பழம்பொரியும் ஏத்தங்காய் சிப்சும் திருவிழாவுக்கு இருக்கட்டும்.

மீனில் நாம் கொடுத்து வைத்தவர்கள். சாளையும் அயலையும் நெத்தோலியும் விலை மலிவு, இதயத்துக்கு வேண்டிய கொழுப்பு அவற்றில்தான் நிறைய. வாரம் இரண்டு மூன்று நாள் குழம்பாக வைத்துச் சாப்பிடுங்கள், பொரிக்காமல். கருவாடுதான் உங்களுக்குப் பகை. அதோடு ஊறுகாய், பப்படம், உப்பிலிட்ட மாங்காய். ஒரு நாளைக்கு மொத்த உப்பு ஒரு டீஸ்பூனுக்குள். பிரஷர் மாத்திரை பலருக்கு வேலை செய்யாமல் போவதற்குக் காரணம் கஞ்சியோடு சுட்டுத் தின்னும் ஒரு துண்டுக் கருவாடு. மரச்சீனி முழுக்க மாவுச்சத்து. சோற்றுக்குப் பதிலாகச் சாப்பிடலாம், சோற்றோடு சேர்த்து வேண்டாம். கருப்பட்டியும் சர்க்கரைதான். நீங்கள் உரிக்கும் அண்டிப்பருப்பு உப்புப் போடாமல் ஒரு கைப்பிடி நல்லதே.

நாள் முழுக்கத் தரையில் உட்கார்ந்து செய்யும் வேலை உங்களுடையது. கை ஓய்வதில்லை, கால் நகருவதில்லை. ஈ.சி.ஜி. பார்த்து டாக்டர் சரி என்று சொன்ன பிறகு வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம் கை வீசி நடக்கலாம். சொல்வதற்கு முன் வேகமாக நடக்க வேண்டாம். கடவில் துணி அலசுவதையும் அதுவரை வேறு யாரிடமாவது விடுங்கள், ஈரத் துணியைச் சுமந்துகொண்டு மேடு ஏற வேண்டாம்.

ஆசாரிபள்ளத்துக்கோ எங்கேயோ, அடுத்த முறை மாத்திரை வாங்கப் போகும்போது பிரஷர் மாத்திரை அட்டையையும், புதிதாக எடுக்கும் ஈ.சி.ஜி. தாளையும், வீட்டில் வைத்துச் சாப்பிடும் கஷாயம், லேகியம் எதுவோ அதையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள். எல்லாவற்றையும் மேசையில் பரப்பி வையுங்கள். பிரஷர் எண், சர்க்கரை, கொழுப்பு, கிரியாட்டினின் அளவுகள், ஏ.ஆர்.டி. டப்பாவின் மேலே எழுதியிருக்கும் மருந்துப் பெயர்கள் இவற்றை எனக்கு எழுதி அனுப்புங்கள். பெயர் இப்போது போலவே வேண்டாம், ‘கடவுப் படிக்காரி’ என்று போட்டால் போதும், நான் தெரிந்துகொள்வேன்.